25 பாயிண்ட் குறைகிறது

வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் 'பிரீமியம்' தரத்துத் துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் அலங்காரம்) ஒன்றின் விலை 1,775 பாயிண்ட். பாயிண்ட் என்பது காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயம். ஆனால் கடையில் 1,775 பாயிண்ட் என்று எந்தப் பொட்டலமும் கிடையாது. அமெரிக்க விலைப்பட்டியலில் 475 பாயிண்ட் 4.99 டாலர், 1,000 பாயிண்ட் 9.99 டாலர், 2,050 பாயிண்ட் 19.99 டாலர். சின்னப் பொட்டலங்களைச் சேர்த்தாலும் கிட்டத்தட்ட 20 டாலர் ஆகிவிடும். ஆக, 2,050 வாங்குவதுதான் வழி. ஸ்கின்னை எடுத்ததும் கணக்கில் 275 மிஞ்சும். இருப்பதிலேயே மலிவான 'செலக்ட்' தரமே 875 என்பதால் அந்த 275-க்குத் துப்பாக்கி ஸ்கின் எதுவும் வராது. மிச்சம் வீணாகிறதே, இன்னொரு பிரீமியம் ஸ்கின் எடுத்துவிடலாம் என்று பார்த்தால் இன்னும் 1,500 தேவை. 1,000 பொட்டலத்தையும் 475 பொட்டலத்தையும் சேர்த்தால் 1,475. கையில் உள்ள 275-ஐக் கூட்டினால் 1,750. 25 பாயிண்ட் குறைகிறது! மறுபடியும் 19.99 டாலர் பொட்டலம்தான். இந்த முறை மிஞ்சுவது 550.

இந்த 25 பாயிண்ட்டைத் திட்டமிட்டு வைத்தார்களா, தானாக அமைந்ததா என்று நான் வாதாட வரவில்லை. எப்படி அமைந்திருந்தாலும் வாங்குபவருக்கு நடப்பது ஒன்றுதான். ஸ்கின்னின் உண்மையான விலை என்ன என்று கேட்டால் அவரால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. கணக்கில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் கிடக்கும், அந்த மிச்சம் அடுத்த வாங்கலுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

'ஸ்கின்னுக்குக் காசு வாங்குவது ஆடுபவர்களுக்கு நியாயமா?' என்ற கேள்வி வரும்போதெல்லாம் ஒரு பக்கம் 'அலங்காரம்தானே, வேண்டாதவன் வாங்காதே' என்பார்கள், மறுபக்கம் 'கொள்ளை' என்பார்கள். காசு வாங்குவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். எவ்வளவு காசு, எந்தப் பொருளுக்கு என்று வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறார்களே, அதைத்தான் அநியாயம் என்கிறேன்.

முதலில், காசு வாங்குவது ஏன் தப்பில்லை என்று சொல்லிவிடுகிறேன். டோட்டா 2 என்ற விளையாட்டில் ஆடுவதற்கான கதாபாத்திரங்கள், அதாவது எல்லா ஹீரோக்களும், எல்லோருக்கும் இலவசம். காசே கட்டாதவரும் ஆயிரக்கணக்கில் செலவழித்தவரும் ஒரே வரைபடத்தில், ஒரே பலத்தோடு மோதுகிறார்கள். சர்வர் செலவு, ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் மென்பொருள், புது வரைபடங்கள், வடிவமைப்பாளர்களின் சம்பளம் எல்லாவற்றையும் அலங்காரம் வாங்குகிறவர்கள் சுமக்கிறார்கள். கையில் காசில்லாத கல்லூரி மாணவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது. பலத்தை விற்கும் விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்கு மேல்.

விலை அதிகம் என்பதும் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. பட்டுப்புடவை 20,000 ரூபாய் என்றால் யாரும் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை. விலைச்சீட்டு தொங்குகிறது, புடவையைப் பிரித்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். அதே கடைக்காரர், 'இங்கே ரூபாய் செல்லாது, வாசலில் டோக்கன் வாங்கி வாருங்கள், டோக்கன் 475, 1,000, 2,050 கட்டுகளாகத்தான் கிடைக்கும், மிச்ச டோக்கனைத் திருப்பி வாங்க மாட்டோம்' என்றால் அந்தக் கடைப் படியை மிதிப்போமா?

இந்த டோக்கன் வேலை இன்று நேற்று வந்ததல்ல. 2006 ஏப்ரலில் ஆப்லிவியன் விளையாட்டுக்குக் குதிரைக் கவசம் விற்றார்கள். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 2.50 டாலர் என்ற விலையை. எக்ஸ்பாக்ஸில் அது 200 மைக்ரோசாஃப்ட் பாயிண்ட், 80 பாயிண்ட்டுக்கு ஒரு டாலர் என்ற கணக்கு. மைக்ரோசாஃப்ட் அந்தப் பாயிண்ட் முறையை 2013-இல் கைவிட்டு நேரடி நாணயத்துக்கு மாறியது. கைவிட முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் வெளியிட்ட கொள்கைகளும் இதையே கேட்கின்றன: விளையாட்டு நாணயத்தில் விலை போட்டால் பக்கத்திலேயே உண்மையான பணத்தில் எவ்வளவு என்றும் போடு, தேவைக்கு மேல் நாணயம் வாங்கும்படி கட்டாயப்படுத்தாதே. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், கென்ஷின் இம்பாக்ட் நிறுவனத்தோடு 2 கோடி டாலருக்கு முடித்துக்கொண்ட வழக்கில், குலுக்கல் பெட்டிகளை (உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் வாங்குபவை) நேரடியாக உண்மைப் பணத்திலும் வாங்க வழி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

டோக்கன் கட்டுகளில் இன்னொரு உறுத்தலும் உண்டு. மேலே சொன்ன பட்டியலில் 475 பாயிண்ட் வாங்குபவர் 100 பாயிண்ட்டுக்கு 1.05 டாலர் கொடுக்கிறார். 99.99 டாலர் கொடுத்து 11,000 வாங்குபவருக்கு அதே 100 பாயிண்ட் 0.91 டாலர். கையில் குறைந்த காசு வைத்திருப்பவர் கூடுதல் விலை கொடுக்கிறார். மளிகைக் கடையில் மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது புரிகிறது. மூட்டை தூக்குகிற செலவாவது மிச்சம். டிஜிட்டல் பாயிண்ட்டுக்கு மூட்டையும் இல்லை, தூக்குகூலியும் இல்லை.

அடுத்தது குலுக்கல். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

வால்வ் நிறுவனத்தின் துப்பாக்கி விளையாட்டான கவுன்ட்டர்-ஸ்டிரைக்கில் (சிஎஸ்ஜிஓ) 2013 ஆகஸ்ட்டில் வந்த ஆர்ம்ஸ் டீல் அப்டேட்டோடு பெட்டிகள் வந்தன. பெட்டி ஆட்டத்தின் போக்கில் கிடைக்கும், சந்தையிலும் வாங்கலாம். திறக்கும் சாவி 2.49 டாலர். திறந்ததும் ஸ்கின் படங்கள் வலமிருந்து இடமாக வரிசையாக ஓடும், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. ஒவ்வொரு கட்டமும் கோட்டைத் தாண்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். முதலில் மழை மாதிரி விழும், பிறகு இடைவெளி விட்டு விட்டு வரும். சில சமயம் மிக அரிய பரிசான கத்தியைக் குறிக்கும் தங்க நிறக் கட்டம் கோட்டை ஒட்டி வந்து, உரசாமல் நகர்ந்துபோகும். 'ஒரு கட்டம் தள்ளி நின்றிருந்தால்' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உண்மையில் சாவியைத் திருப்பிய நொடியிலேயே முடிவு சர்வரில் முடிந்துவிட்டது. ஓடுகிற படங்கள் வெறும் காட்சி, பக்கத்துக் கட்டத்தில் நின்ற கத்திக்கும் உங்களுக்கும் எந்த உறவும் இல்லை. பெட்டிக்கடையில் தொங்கும் பரிசு அட்டை நினைவிருக்கிறதா? மேலே பெரிய பரிசை ஒட்டிவைத்திருப்பார்கள், கிழிக்கக் கிழிக்க மிட்டாய்தான் வரும். அதே அட்டைதான், சத்தமும் அசைவும் சேர்த்திருக்கிறார்கள்.

எந்தப் பொருள் வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்கள் வெளியே வந்ததற்குக் காரணம் சீனா. நிகழ்தகவை வெளியிட வேண்டும் என்ற விதி 2017 மே 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது, அதனால் அங்கு விளையாட்டை நடத்தும் பெர்ஃபெக்ட் வேர்ல்டு வெளியிட்டது. தரத்தைக் குறிக்கும் நிறங்களில் சாதாரணமான நீலம் 79.92 சதவீதம், ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64, கத்தி போன்ற அரிய பொருள் 0.26. சராசரியாக 385 பெட்டிக்கு ஒரு கத்தி. 385 சாவியின் விலை சுமார் 959 டாலர், பெட்டி விலை தனி. இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 385 பெட்டி திறந்தால் கத்தி உறுதி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பெட்டியும் முந்தையதை மறந்துவிடும். ஒரு பெட்டியில் கத்தி வராத வாய்ப்பான 0.9974-ஐ 385 முறை பெருக்கிப் பாருங்கள்: சுமார் 0.37. அதாவது 385 திறந்தவர்களில் நூற்றுக்கு 37 பேர் ஒரு கத்தியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 1,000 திறந்தாலும் 7 பேர் வெறுங்கைதான்.

'பிடிக்காததைச் சந்தையில் விற்கலாமே' என்பார்கள். விற்கலாம். வால்வ் நடத்தும் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையின் சந்தையில் 5 சதவீதம் ஸ்டீமுக்கு, 10 சதவீதம் விளையாட்டுக்கு என்று கழிவு போகும். வருவது ஸ்டீம் வாலட்டுக்கு, வங்கிக் கணக்குக்கு வராது. 2025 அக்டோபரில் ஐந்து சிவப்புத் தர ஸ்கின்னைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ எடுக்கலாம் என்று வால்வ் ஒரு விதியை மாற்றியது. ராத்திரியோடு ராத்திரியாகக் கத்தி விலைகள் சரிந்தன, சிவப்பு ஸ்கின் விலைகள் ஏறின. முதலீடு என்று நினைத்து வைத்திருந்தவர்களுக்கு அன்றுதான் புரிந்திருக்கும், அந்தப் பொருளின் மதிப்பு இன்னொருவர் எழுதும் அப்டேட் குறிப்பில் இருக்கிறது என்று.

நாடுகள் ஆளுக்கொரு திசையில் போகின்றன. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஓவர்வாட்ச், சிஎஸ்ஜிஓ, ஃபிஃபா 18 பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. வால்வ் அங்கே பெட்டி திறப்பதை நிறுத்தியது. நெதர்லாந்தில் ஃபிஃபா பெட்டிகளுக்காக இஏ நிறுவனத்துக்குப் போட்ட 1 கோடி யூரோ அபராதத்தை 2022-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பிரான்ஸில் 2019-இல் வால்வ் 'எக்ஸ்-ரே' என்று ஒன்று கொண்டுவந்தது: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கலாம், பிறகு காசு கட்டலாம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அடுத்த பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது பார்த்ததை வாங்கியாக வேண்டும். குலுக்கல் ஒரு படி தள்ளிப்போனதே தவிர, ஒழியவில்லை.

'வெறும் அலங்காரம்' என்ற சொல்லையும் அப்படியே நம்பாதீர்கள். ஃப்ரீ ஃபயரில் பல துப்பாக்கி ஸ்கின்களுக்குப் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும்: டேமேஜ் கூடும், ரீலோட் வேகம் குறையும் என்கிற மாதிரி. ஸ்கின் என்ற பெயரில் பலத்தை விற்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் குலுக்கலில். எண்ணில் தெரியாத பலமும் உண்டு. கால் ஆஃப் டூட்டி வார்ஸோனில் ரோஸ் என்ற கதாபாத்திரத்துக்கு வந்த முழுக் கறுப்பு உடை இருட்டு மூலையில் கண்ணுக்கே படாது; ஊரே கத்திய பிறகு 2021-இல் அதன் நிறத்தை மாற்றினார்கள். சில துப்பாக்கி ஸ்கின்களில் குறி பார்க்கும் இரும்புச் சட்டம் மெலிந்திருக்கும். அதனால் எதிரியை மறைக்கும் பகுதி குறையும்.

இதைச் சோதிப்பது சுலபம். பயிற்சி மைதானத்தில் ஒரே இடத்தில் நின்று, ஸ்கோப் இல்லாமல், முதலில் சாதாரணத் துப்பாக்கியாலும் பிறகு ஸ்கின் போட்டதாலும் 50 மீட்டர் தள்ளியுள்ள இலக்கைக் குறிபாருங்கள். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அருகருகே வையுங்கள். இலக்கைச் சுற்றி எவ்வளவு திறந்த இடம் தெரிகிறது என்பதில் வித்தியாசம் இருந்தால் அது அலங்காரம் இல்லை. உடை என்றால் நண்பர் ஒருவரைத் தனி அறையில் நிழல், புல், படிக்கட்டு அடி என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள். போட்டி நடத்துபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது.

மூன்றாவது ஆயுதம் கடிகாரம். வாலரன்ட்டில், அப்போது புதிதாக விற்கும் தொகுப்பைத் தவிர, விரும்பிய ஸ்கின்னைத் தேடிப் போய் வாங்க முடியாது. உங்கள் கடையில் தினம் நான்கு வரும், 24 மணி நேரத்தில் மாறிவிடும். சுழற்சியில் 400 ஸ்கின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட ஸ்கின் இன்று வரும் வாய்ப்பு 1 சதவீதம். 100 நாள் தவறாமல் எட்டிப் பார்த்தும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு அதே 37 சதவீதம். இங்கே காசு குலுக்கலுக்குப் போகவில்லை என்பது உண்மை. உங்கள் நாட்கள் போகின்றன. கடைசியில் வேண்டியது வந்து நிற்கும்போது 'இன்று விட்டால் எப்போதோ' என்ற பதற்றத்தில், முதல் பத்தியில் சொன்ன டோக்கன் கணக்கைப் போட்டுப் பார்க்க யாருக்கும் நிதானம் இருக்காது. டோக்கனும் கடிகாரமும் இப்படிக் கைகோத்துத்தான் வேலை செய்கின்றன. 2024 மே மாதம் நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் ஃபோர்ட்நைட் கடையின் கவுன்ட்டவுன் கடிகாரம் போன்றவற்றுக்காக எபிக் நிறுவனத்துக்குச் சுமார் 11 லட்சம் யூரோ அபராதம் போட்டதும் குழந்தைகள் மேல் இந்தப் பதற்றத்தை ஏவியதற்காகத்தான்.

ஒரு சீசனுக்கென்று காசு கட்டி வாங்கும் பரிசு வரிசையான பேட்டில் பாஸ் இதன் இன்னொரு முகம். காசு கட்டிய பிறகும் உழைத்தால்தான் பொருள் கையில் வரும், சீசன் முடிந்தால் கட்டிய காசும் போச்சு. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஹேலோ இன்ஃபினிட் 2021-இல் வந்தபோதே வாங்கிய பாஸ் காலாவதி ஆகாது என்று அறிவித்தது. டீப் ராக் கேலக்டிக்கில் சீசன் பாதை இலவசம், தவறவிட்ட அலங்காரங்கள் பிறகு ஆட்டத்திலேயே கிடைக்கும். காசுக்கு விற்கும் அலங்காரப் பொதிகளை உண்மையான விலை போட்டு ஸ்டீமில் வைத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டுகள் திவாலாகிவிடவில்லை.

பெரியவர்கள் ஏமாறுவதையாவது 'அவர் காசு, அவர் பாடு' என்று விடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அந்த வாதம் எடுபடாது. 2019-இல் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட அறிக்கையில், காசு கட்டாத உடையில் வரும் பிள்ளைகளைச் சக பிள்ளைகள் 'டிஃபால்ட்' என்று கேலி செய்வது பதிவாகியிருக்கிறது. தீபாவளிக்குப் பழைய சட்டையில் வந்த பையனைப் பார்க்கிற பார்வைதான். எபிக் மீது அமெரிக்காவில் 2022 டிசம்பரில் முடிந்த வழக்கில் 24.5 கோடி டாலர் திருப்பித் தரச் சொன்னது ஏன் தெரியுமா? பட்டன் அமைப்பு குழப்பமாக இருந்ததால் ஸ்கின்னை முன்னோட்டம் பார்க்கப் போனவர்களும், தூக்க நிலையில் இருந்த விளையாட்டை எழுப்பப் போனவர்களும் ஒரே அழுத்தில் வாங்கிவிட்டார்கள். 'நான் வாங்கவில்லை' என்று வங்கியில் புகார் செய்தவர்களின் கணக்கைப் பூட்டினார்கள். நம்மூருக்கு 2021-இல் பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வைத்த செலவு வரம்பு நாளொன்றுக்கு 7,000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, நாளொன்றுக்கு. இதை வரம்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்கியது நம்முடையதா என்ற கேள்வியும் இருக்கிறது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடையாகி, அக்டோபர் 30-இல் சர்வரும் நின்றபோது யூசி என்ற அதன் நாணயத்தைக் கொடுத்து வாங்கிய அத்தனையும் கைக்கெட்டாமல் போனது. மறு ஆண்டு பிஜிஎம்ஐ வந்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வசதி கொடுத்ததால்தான் திரும்பக் கிடைத்தது. அது நிறுவனம் காட்டிய சலுகை. ஆடுபவருக்கு இருந்த உரிமை அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, ப்ரொஃபைல் படம், செட்டிங்ஸ், பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன் என்று போய், ஒவ்வொரு வாங்கலுக்கும் கேட்கும்படி வையுங்கள். பிள்ளையின் கைரேகையை அந்த போனில் பதிந்திருந்தால் இதனால் பயனில்லை, முதலில் அதை நீக்குங்கள். 'பட்ஜெட்' என்று ஒன்று இருக்கும். அது எச்சரிக்கை மட்டும்தான் செய்யும், வாங்குவதைத் தடுக்காது. கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்கில் தரும் ஒப்புதல் பிளே ஸ்டோர் வழியாகப் போகும் காசுக்கு மட்டுமே பொருந்தும். வெளி டாப்-அப் தளத்தில் யுபிஐ மூலம் கட்டினால் அது கண்டுகொள்ளாது. அதனால் பிள்ளை கையில் இருக்கும் போனில் யுபிஐ செயலியே வேண்டாம். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் போய் இன்-ஆப் பர்ச்சேஸை அனுமதிக்காதே என்று வைக்கலாம்.

பாதி விலைக்கு யூசி, டைமண்ட் போன்ற விளையாட்டு நாணயம் தருகிறோம் என்று டெலிகிராமில் வருபவர்களை நம்ப வேண்டாம். திருட்டு கார்டில் வாங்கியதாக இருந்தால் கார்டுக்காரர் பணத்தைத் திரும்பப் பெற்றதும் முடங்குவது உங்கள் கணக்குதான்.

காசு போய்விட்டதா? கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு விளையாட்டு நிறுவனத்திடம். உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ வாங்கியது என்றால் 120 நாளுக்குள் புகார் செய்யலாம். ஜிபிஏ (GPA) என்று தொடங்கும் ஆர்டர் எண் ரசீது மின்னஞ்சலில் இருக்கும், அதை எடுத்து வையுங்கள். வாங்கிய நாணயத்தை மேற்கொண்டு செலவழிக்காதீர்கள். செலவழித்த பிறகு பணத்தைத் திரும்பப் பெற்றால் கணக்கு பூட்டப்படலாம். கடிகாரம் காட்டி அவசரப்படுத்தியது, ஒரு பட்டனுக்குப் பதில் இன்னொன்றை அழுத்த வைத்தது போன்றவை என்றால் 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. அதில் தடை செய்த 13 தந்திரங்களில் பொய்யான அவசரமும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கும்போது 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தத் தேதி, எந்தத் திரை, எவ்வளவு நேரம் மிச்சம் என்று காட்டியது, அந்த நேரம் முடிந்த பிறகும் அதே பொருள் அதே விலைக்குக் கிடைத்ததா என்று வரிசையாகச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு ஸ்கிரீன்ஷாட் போதும்: கடிகாரம் ஓடும்போது ஒன்று, நின்ற பிறகு ஒன்று.